சாயம் பூசிய நிலை

ஷார்ஜாவில் மரத்துக்கு ஒரே பேர்தான், கஷப். காங்கிரீட்டுக்கு அடைப்புக் கட்டும் பலகையும் கஷப், குப்பையில் கிடக்கிற ஒடிந்த துண்டும் கஷப். எண்ணெயும் சிமெண்டும் ஊறி நாறும் அதைத்தான் பதினோரு வருஷமாகத் தூக்குகிறேன். ஒருமுறை எகிப்துக்கார ஃபோர்மேனிடம், கதவுக்கான மரம் இருக்கிறதா என்று கேட்க, கையால் கதவு திறந்து காட்டினேன். அவர் கழிவறைப் பக்கம் கையைக் காட்டி, "யல்லா, யல்லா" என்றார், சீக்கிரம் போ என்று. மேற்கொண்டு விளக்கக் கூச்சமாக இருந்தது. கழிவறைக்கே போய்விட்டு வந்தேன்.

எங்கள் ராஜபாளையத்தில் வெறுமனே மரம் வேண்டும் என்றால் கடைக்காரர் சிரிப்பார். கதவு நிலைக்கா, உத்திரத்துக்கா, ஓடு தாங்குகிற ரீப்பருக்கா என்பார். மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டி, வைரம். ஓரத்து மெத்து, வெள்ளை. வெள்ளையைக் கரையான் அவல் தின்கிற மாதிரித் தின்றுவிடும். வாசல் நிலைக்கு வைரம்தான் ஆகும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதுதான் படிப்பு.

அந்தப் படிப்பு என் வீட்டுக்கே உதவவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய லீவில் வீடு கட்டினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மரக்கடையில் தேக்கு நிலை சொல்லியிருந்தோம். நிலை நிறுத்துகிற அன்று, நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கும்போதுதான் வண்டி வந்தது. வேண்டுமென்றே அப்படி அனுப்புகிறவர்கள் உண்டு. மஞ்சள் பூசி, பூ வைத்து, கும்பிட்டு நிறுத்திவிட்டால் எங்கள் பக்கம் யாரும் நிலையைப் பிடுங்க மாட்டார்கள். கிட்டே போனதும் சாய நாற்றம் குமட்டியது. நகத்தால் சுரண்டினேன். நிலையின் ஒரு காலில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை.

"என்ன இது?" என்று வண்டியோடு வந்த கடைக்காரனிடம் முணுமுணுத்தேன்.

"தேக்குதான் அண்ணாச்சி. வெள்ளையும் அதே மரத்துலதான இருக்கு? எம்புட்டு நோண்டுறீய!"

அதற்குள் என் மச்சினன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மச்சான் வெளிநாட்டுல மரவேலைதான் பாக்காவ. சொல்லுங்க மச்சான், மரம் எப்டி?" என்றான். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது.

"நல்லாருக்கு" என்றேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் கசக்கிறது. கடைக்காரனாவது பிழைப்புக்குப் பொய் சொன்னான். நான் எதற்குச் சொன்னேன்?

போன வாரம் மனைவி போனில் பேசினாள். மழைக்குப் பின் நிலைக்காலில் கரையான் மண் ஏறியிருக்கிறதாம், விரலை வைத்தால் உள்ளே போகிறதாம்.

"சாமி கும்பிட்டு நிறுத்துனதாச்சே. பெயின்ட் அடிச்சு மூடிருவமா?"

"பிடுங்கிப் போடு."

"ஊரு என்ன பேசும்ங்க?"

"அது வெள்ளைன்னு அன்னைக்கே பாத்தேன். தெரிஞ்சும் பேசாம நின்னேன்னு எல்லார்ட்டயும் சொல்லிரு."

"அன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்றாள்.

நேற்று வீடியோவில் காட்டினாள். நிலை இருந்த இடத்தில் செங்கல் பல்லைக் காட்டியது. குறுக்கே தார்ப்பாய் தொங்கியது. கொத்தனார் வந்ததும், "உள்ள வாங்கண்ணே" என்று சொல்லி, போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். அவர் தார்ப்பாயை ஒதுக்கிக்கொண்டு சேற்றுச் செருப்போடு என் வீட்டுக்குள் நடந்தார். "அண்ணே, செருப்பு! செருப்பு!" என்று கத்தினேன். இங்கே ஷார்ஜாவில் என் அறையில் தூங்கியவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.