கிணற்றடியில் வளையும் மண்மேடு

என் மனைவி பேர்ணடெற்றைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுறதெண்டால் உங்கட பேரையும் போடுங்கோ,” என்றாள். போட்டுவிட்டேன்: அகஸ்ரின், மோர்னிங்சைட், ரொறன்ரோ. இனி என் வண்டவாளம்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி இருந்தது. வெளியே புலிகள் இயக்கம் வளைத்து நின்றது. கோட்டையடியில் பதுங்குகுழி வெட்டவும் மண் அணை போடவும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்றார்கள். எங்கள் முறை வந்த அன்று விடியவே காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்தேன். முப்பத்தாறு வயது ஆம்பிளை, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கும் பொடியன் மாதிரி, உடம்பு சுடுவதற்குக் கமக்கட்டுக்குள் வெங்காயத்தை வைத்துக்கொண்டு! பேர்ணடெற் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் முறைக்கு அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க ஷெல் சத்தம். பொழுதுபடத்தான் வந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. எங்கே வெட்டினாய், என்ன நடந்தது என்று நான் ஒரு சொல் கேட்கவில்லை. தேத்தண்ணி கேட்டேன். போட்டுத் தந்தாள்.

அடுத்த வருசம் ரொறன்ரோவுக்கு வந்தோம். நான் மிசிசாகாவில் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கினேன். அவள் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்த்து மடித்தாள். வேலைக்கு இரண்டு பஸ், ஞாயிறு பூசை, வீடு. ஆட்களோடு அதிகம் பேச மாட்டாள். ஆனால் எங்கள் கட்டடத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கஞ்சியோடு போவது அவள்தான்.

முதல் குளிர்காலத்தில் ஏழாம் மாடி வேரோனிக்காவின் கார் பனிக்குள் புதைந்துவிட்டது. ஆம்பிளைகள் நாங்கள் சுற்றி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். பேர்ணடெற் பனி அள்ளும் சவளை வாங்கி, இடது காலை முன்னே வைத்து, பத்தே நிமிசத்தில் வழி வெட்டினாள்.

“அக்கா, உதெல்லாம் எங்க பழகினீங்கள்?” என்று வேரோனிக்கா கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். “என்னைப் பாத்துத்தான். கோட்டையடியில பங்கர் வெட்டினவனெல்லோ நான்!”

பேர்ணடெற் நிமிரவில்லை. கரையில் கிடந்த மிச்சப் பனியை அள்ளிப் போட்டாள்.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் கதை ஒரு முழம் வளர்ந்தது. மீன் ரின் வெட்டிய தழும்பைக்கூட மண்வெட்டிக் காயம் என்று காட்டினேன். அவள் அருகிலேயே நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தொண்ணூற்று நாலு மே மாதம், வேரோனிக்காவின் மகளுக்கு முதல் நன்மை, முதற்தரம் நற்கருணை வாங்குகிற நாள். கீழே விருந்து வைக்கும் பாட்டி றூமில் மத்தியானச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தம்பி கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய படம் ஒன்றை வேரோனிக்கா கொண்டுவந்தாள். தம்பி முன்னால் நிற்கிறான். பின்னால் இடிந்த கோட்டை மதில். இடையில் புல் மூடிய மண்மேடுகள் நாலைந்து.

“அண்ணை, இதில எது நீங்கள் வெட்டினது?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆறேழு தலைகள் படத்தின் மேல் கவிழ்ந்தன. நடுவில் பெரிதாகத் தெரிந்ததில் விரலை வைத்தேன். “உதுதான்.”

“உது இல்லை,” என்றாள் பேர்ணடெற். றோல்ஸ் தட்டோடு பின்னால் நின்றாள். “இந்தா, இதில வளைஞ்சு போகுதெல்லோ, இதுதான். வெட்டேக்க பழைய கிணத்துக் கட்டு ஒண்டு முட்டுப்பட்டது. அதைச் சுத்தித்தான் வெட்டினது.”

“உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?”

“இவர் வந்து சொன்னவர்.”

“நீங்கள் அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?”

“நானோ? காய்ச்சலெண்டு வீட்டில படுத்திருந்தனான்.”

யாரோ என் முதுகில் தட்டினார்கள். ஷெல்லடிக்குள் அண்ணைக்குக் கிணறு மறந்துபோச்சு என்று சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு மேலே போகும்போது லிப்றில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்திருந்தது.

“எனக்காகவோ அப்பிடிச் சொன்னனீர்?”

அவள் மேலே மாறும் மாடி இலக்கங்களைப் பார்த்தபடி நின்றாள்.

“உங்களுக்காக இல்லை. வெங்காயம் வைச்சுக் காய்ச்சல் காட்டின ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறன் எண்டு சொல்ல எனக்கெல்லோ வெக்கம்.”

நாலு வருசமாக அவள் பேசாமல் இருந்ததை நான் பாசம் என்று எண்ணியிருந்தேன். எங்கள் மாடியில் கதவு திறந்தது. வெறும் தட்டை என் கையில் தந்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.