பத்தொன்பது சுற்றுச் செம்புக் கம்பி

போன மாதம் ஒரு சாயங்காலம் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போயிருந்தேன். மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய மூங்கில் வளைவு தெரு முனையில் இன்னும் நிற்கிறது. மஞ்சள் காகிதம் வெளுத்து, வெள்ளைக் காகிதம் பழுத்து, இரண்டும் இப்போது ஒரே நிறம். அதன் அடியில் நுழைந்து கம்போங் செட்டிக்குள் திரும்பினால் பழனிவேலின் வீடு.

பழனிவேலின் வீடு என்பது முழு உண்மை அல்ல. மாமியார் வீடு.

வாசலில் நின்று, "பழனி..." என்று குரல் கொடுத்தேன். பதில் வந்தது, ஆள் வரவில்லை.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. உள்ள வந்திராதீங்க. கம்பி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். கூடத்தின் குறுக்கே ஒரு செம்புக் கம்பி. தலைமயிரை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒரு முனை கதவோரம் பழனியின் விரலில். மறு முனை, கூடத்தின் கோடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அவன் மனைவி நாச்சியின் கையில். சாயும் வெயில் ஜன்னல் வழியாகக் கம்பியின் நடுப்பகுதியில் மட்டும் பட்டது. இரண்டு முனையும் இருட்டில் இருக்க, நடுவில் ஒரு முழம் நெருப்பு மட்டும் காற்றில் மிதப்பது போல் இருந்தது.

நின்றுகொண்டேன். வேறென்ன செய்வது?

*

பழனிவேல் ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. எஸ்டேட்டில் பிறந்தவன். நாச்சி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். அவர்களுக்குக் கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் கிடையாது. வீட்டுப் பேச்சு முழுக்க அவர்களுடைய மலாய். மாமியார் கோபித்தாலும் மலாய், கொஞ்சினாலும் மலாய். (அவர்கள் பேச்சை இங்கே நான் தமிழில்தான் தருகிறேன்.)

கல்யாணமான புதிதில் பழனி என்னிடம் சொன்னான்: "காலையில வேலைக்குப் போறப்ப வாயில இருக்கற தமிழ் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்குண்ணே. செலவே ஆகல."

இப்போது நாச்சிக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை புது நாட்டில் பிறக்கப் போகிறது. எந்த மொழியில் பேசப் போகிறது? இந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது.

"நான் ஒரு ஆளு பேசினா பத்துமாண்ணே? வீட்டுல இன்னொரு தமிழ் வாய் வேணும்."

அந்த இன்னொரு வாய்தான் ரேடியோ.

கடையில் விற்கும் ரேடியோவுக்கு அவனால் முடியாது. ஆனால் கட்டலாமே? பாகம் பாகமாக வாங்கி, கையாலேயே கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது ஊரில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. எல்லாரும் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிற காலம்... ரேடியோ என்ன பாவம் செய்தது?

பாகம் வாங்க நானும் துணைக்குப் போனேன். பழைய சாமான் விற்கும் சீனரின் கடை. வால்வுகளைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார். போர்க்காலத்து ராணுவச் சரக்கு. பழனி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒன்றை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

கடைக்காரர் மலாயில் கேட்டார்: "பெண் பார்க்கப் போனப்பவும் இவ்வளவு நேரம் பார்த்தியா?"

"அன்னிக்கு நான் எங்க பார்த்தேன் தவ்கே? அவதான் பார்த்தா."

"அதான் நல்லதா அமைஞ்சிருக்கு."

குறைந்த காசில் ரேடியோ கட்டுவது ஒரு தனிக் கலை. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றில் பிடிக்க வேண்டும். நல்ல ஒலிபெருக்கி வாங்கினால் மட்டமான டிரான்ஸ்ஃபார்மர்தான் வாங்க முடியும். அது ஒரு நாள் புகைந்து, கூடவே வால்வையும் கொண்டுபோய்விடும். எனவே டிரான்ஸ்ஃபார்மர் புதிது என்று முடிவாயிற்று. வால்வு ராணுவத்தது, ஒன்றே ஒன்று. நிலையம் திருப்பும் கண்டென்சர், செத்துப்போன ஒரு ரேடியோவின் வயிற்றிலிருந்து. அடித்தட்டு, பிஸ்கட் டின். ஒலிபெருக்கியே வேண்டாம், ஹெட்போன் போதும். அதை ஒரு மங்குக் கிண்ணத்தில் கவிழ்த்தால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும். பெட்டி? பெட்டி எதற்கு? அழகுக்கு நாச்சி இருக்கிறாளே என்றான்.

கடைசியில் சுருள். அதைக் கடையில் வாங்குவதில்லை. உடைந்த வால்வின் அடிப்பாகத்தில் அட்டைக் குழாய் ஒட்டி, அதன் மேல் கம்பியைச் சுற்றிக்கொள்வது. சுற்றுதான் எல்லாம். நிறையச் சுற்றினால் மத்திய அலை, பக்கத்து ஊர்ப் பாட்டு. கொஞ்சமாகச் சுற்றினால் சிற்றலை, கடல் தாண்டி வரும் குரல். சுருளைப் பிடுங்கி வேறு சுருளைச் செருகினால் வேறு உலகம்.

ஆனால் பழனியிடம் இருந்தது ஒரே ஒரு அடிப்பாகம்.

யாருடைய உலகம் முதலில்?

அவனுக்குக் கொழும்பிலிருந்து வரும் தமிழ். நாச்சிக்குக் கெரொஞ்சோங் — வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து, அவசரமே இல்லாமல் போகும் அந்த மலாய்ப் பாட்டு. அவள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

"உங்க கொழும்புக்காரர் பேசறது எனக்கே புரியாது. வயித்துல இருக்கறதுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டாளாம்.

"புரிய வேணாம். காதுல விழட்டும்."

அவள் கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். அவள் செருப்புக்குப் பாசிமணி கோக்கிறவள். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு சீராகச் சுற்றப் பழனியின் கையால் ஆகாது. தனக்குப் புரியாத ஒரு குரலுக்காக அவளே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தது அதைத்தான்.

*

கொழும்புக்குப் பத்தொன்பது சுற்று வேண்டும். முதல் பத்து முடிந்து, இரண்டாம் பத்துக்கு அவள் மறுபடி ஒன்றிலிருந்து மலாயில் எண்ணத் தொடங்கியிருந்தாள். அந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பழனி கம்பியை விடாமல் என்னிடம் தமிழில் பேசினான். கிடங்குக் கதை, புது மேனேஜர் கதை. பிறகு திரும்பிக் கேட்டான்:

"பெராப்பா?" — எத்தனை?

நாச்சி சொன்னாள்: "எம்பாட்."

பழனி கம்பியை வெட்டினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விருந்தாளி வந்ததால் இன்றைக்குப் போதும் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாளாம்.

விளக்கு வைக்கும் நேரம். சுருளைச் செருகினான். வால்வில் செம்மை ஏறியது. ஹெட்போனை மங்கில் கவிழ்த்தான். முதலில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு உஜோங் பாசிர்க் கரையில் அலை பின்வாங்குகிற சத்தம். அதற்குள்ளிருந்து, மெல்ல, ஒரு பெண் குரல்.

தமிழ் இல்லை. மலாய் இல்லை. சீனமும் இல்லை. எந்த நாடோ, என்ன செய்தியோ. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்தக் குரல் கொஞ்சம் கீழே இறங்கி, படியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. மாமியார் அடுப்பை விட்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டார். அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவு புரிந்த முதல் சாயங்காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒன்றுமே புரியவில்லை.

பழனி சுருளைப் பிடுங்கி நகத்தால் எண்ணினான். பதினான்கு.

"நீ ஒம்பதுன்னுதானே சொன்ன?"

"எம்பாட்னேன். நாலு."

எம்பாட் என்றால் மலாயில் நான்கு. முதல் எழுத்து வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். கடைசி எழுத்து பல்லில் பட்டும் படாமலும் நிற்கும். வேகமாகச் சொன்னால், தமிழ்க் காதுக்கு அது ஒம்பதுதான். என்னோடு பேசிக்கொண்டிருந்ததால் பழனியின் காது அப்போது தமிழில் இருந்தது. கேட்டது மலாயில், கேட்டுக்கொண்டது தமிழில்.

"கூடினா அவுத்திரலாம். கொறஞ்சா ஒட்ட முடியாதுண்ணே," என்றான். சம்பளம் வந்தால்தான் இனிக் கம்பி.

*

சம்பளம் வந்தது. போன சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டான். இந்த முறை முன்னாலேயே போய் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். வாயையும் திறப்பதில்லை என்று முடிவு.

நாச்சி முதல் சுற்றைச் சுற்றினாள்.

"லாபம்," என்றாள்.

பழனியின் கையில் கம்பி தளர்ந்தது. "என்னது?"

"ரெண்டு," என்றாள் அவள். "மூணு. நாலு. இந்தத் தடவை நாலு நாலுதான். இழுத்துப் பிடிங்க."

சந்தையில் கீரை விற்கும் அம்மாளிடம் கேட்டுப் படித்திருக்கிறாள். அந்த அம்மாள் எதை அளந்தாலும் முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். நாச்சிக்குத் தமிழில் முதல் எண் லாபம். யாரும் திருத்தவில்லை.

முதல் பத்து முடிந்தது. இரண்டாம் பத்துக்கும் லாபத்திலிருந்து தொடங்கினாள். அடுக்களையிலிருந்து மாமியார் குரல் வந்தது: மீனைப் பொரிப்பதா, குழம்பு வைப்பதா? பழனி மலாயில் பதில் சொன்னான். பொரித்தால் போதும். மாமியார் விடவில்லை. விருந்தாளி என்ன சாப்பிடுவார்? அதற்கும் மலாயில் ஒரு நீண்ட பதில். பிறகு திரும்பி, "பெராப்பா?" என்றான்.

"ஒம்பது."

"அப்ப இன்னும் அஞ்சு," என்றான் மலாயில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் மணி கோக்கிற அந்தக் கை ஐந்து சுற்றையும் சுற்றி முடித்துவிட்டது. போன முறை குறைந்ததால் இப்போது கூட்டிச் சுற்றச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாளாம். அவன் காது இந்த முறை மலாயில் இருந்தது. அவள் ஒம்பது என்றது அவனுக்கு எம்பாட் என்று விழுந்திருந்தது.

செருகினார்கள். மழை. அலை. பிறகு ஒரு வயலின்.

கெரொஞ்சோங்.

எந்த ஊரிலிருந்து வந்ததோ தெரியாது. புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. மங்கின் அடியிலிருந்து வந்ததால் எல்லாம் நீருக்குள் நடப்பது போல் கேட்டது. நாச்சியின் கை தானாக வயிற்றுக்குப் போய் அங்கே தாளம் போட்டது. பழனி சுருளைப் பார்த்தான். இப்போது நகம் தேவைப்படவில்லை, கண்ணாலேயே எண்ணிவிட்டான். ஐந்து கூடுதல்.

ஐந்தை அவிழ்த்தால் கொழும்பு. பிடுங்கி, அவிழ்த்து, மறுபடி செருக வேண்டியதுதான். அவன் கை நீண்டது. அவளுக்கும் தெரியும்.

"அவிழ்த்திருங்க பாங்," என்றாள். கணவனை அவர்கள் கூப்பிடும் சொல் அது. "இது உங்க சுருள் லா."

பழனி கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"பாட்டு முடியட்டும்," என்றான்.

பாட்டு முடிந்தது. இன்னொன்று தொடங்கியது.

"இதுவும் முடியட்டும்."

வெளியே காகித வளைவு காற்றில் சரசரத்தது. மீன் பொரியும் வாசனை வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் பழனி திடீரென்று அவளைத் தமிழில் கேட்டான்:

"ஒம்பதுக்கு அப்புறம்?"

"பத்து."

"பத்துக்கு அப்புறம்?"

அவள் யோசித்து, மலாயில் சொன்னாள்: "அதுக்கப்புறம் கீரைக்காரம்மா சொல்லித்தரல."

"பதினொண்ணு," என்றான் பழனி.

"பதினொண்ணு," என்றாள் நாச்சி.

"பன்னெண்டு."

"பன்னெண்டு."

இரண்டு பேரும் இருபதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மங்குக்குள் யாரோ ஒருவர் மலாயில் நிலாவைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கண்டென்சர் வரை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கியவன் பழனி. அவன் கேட்ட இன்னொரு தமிழ் வாய் அந்தச் சாமான்களில் எதிலிருந்தும் வரவில்லை. கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தது.

நேற்று வழியில் பார்த்தபோது விசாரித்தேன். சுருளை இன்னும் அவிழ்க்கவில்லை என்றான். "அடுத்த மாசம் இன்னொரு அடிப்பாகம் வாங்கிக் கொழும்புக்குத் தனியா சுத்திக்கலாம்ணே. என்ன அவசரம்?"

வாங்கட்டும். பிள்ளையும் பிறந்து வளரட்டும். லாபத்தில் தொடங்கி, எட்டுக்கு அப்புறம் நாலு வருகிற ஒரே வீடு, எனக்குத் தெரிந்து, காஜா பெராங்கில்தான் இருக்கிறது.