சாமியானா போட ஒரு இடம்

கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய குடியிருப்பை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கே அதே இடத்தில் நான்கு மாடி கட்டித் தரும் வேலை. கட்டடம் வேறொருவர் பொறுப்பு. சுற்றியுள்ள மண், மரம், பாதை, மழைநீர் எல்லாம் என் பொறுப்பு. வரைபடத்தில் ஒரு சாண் இடத்தைக்கூட நான் சும்மா விடவில்லை. புங்கை, மந்தாரை, வளைந்து போகும் நடைபாதை, நடுவே பெரிய புல்தரை. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் இடிக்க முடியும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. தரைத்தளத்தில் ஒரே ஒரு அம்மா மட்டும் மாட்டேன் என்றார். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிறவர். கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே போய், அவர் வீட்டுத் தரையில் விரித்துக் காட்டினேன்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது மேடம்," என்றவர், கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாவு வுழுந்தா எங்க வைக்கிறதுங்க?"

வரைபடத்தில் அப்படி ஓர் இடத்தைத் தேடினேன்.

"சாமியானா போடணும், குளிப்பாட்டணும், பாடை கட்டணும். புல்லு மேலயா வைக்கிறது? இவரோட அண்ணன் வாடகை வூட்ல இருந்தாரு. ஆஸ்பத்திரில செத்தப்ப, உள்ள எடுத்தாரக் கூடாதுன்ட்டாரு வூட்டுக்காரரு. அப்டியே சுடுகாட்டுக்குத் தூக்கினு போனோம். தனக்கும் அதே கதிதான்னு தினம் அழுதுகினு இருக்காருங்க."

வெட்கமாகப் போய்விட்டது. சங்கராபுரத்தில் என் அப்பாவை எங்கள் வாசலில் பந்தல் போட்டு ஒரு பகல் முழுக்க வைத்திருந்தோம். அந்த வாசலில் வளர்ந்த நான், சென்னையில் படித்துவிட்டு வந்து, சாவே வராத ஆட்களுக்குத் தோட்டம் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே வரைபடத்தில் புல்தரையை அடித்துவிட்டேன். அங்கே வெறும் மண்தரை, ஓரமாக ஒரு குழாய், தண்ணீர் வடிய வழி, தெருவிலிருந்து வண்டி நேராக உள்ளே வரும் அகலத்தில் பாதை. பொட்டல் மாதிரி இருக்கிறதே என்று மேலதிகாரி முகம் சுளித்தார். 'பொதுத் திடல்' என்று எழுதிக் கொடுத்ததும் சரி என்றார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டி முடிக்கும்வரை அவர்களுக்கும் வாடகை வீடுதானே. சிமெண்ட் வரவில்லை, ஆள் வரவில்லை என்று வேலை நின்றபோதெல்லாம் ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கு நின்றேன். அந்த அம்மாவின் எண் போனில் வந்தாலே, கணவர் போய்விட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும். எடுத்தால், "எப்பங்க முடியும்?" என்பார். அப்பாடா என்றிருக்கும்.

ஒருவழியாகச் சாவி கொடுத்த நாளில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், இருவருமே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் திடலுக்குத் தள்ளி வந்தார் அந்த அம்மா. நாற்காலியில் இருந்தபடியே அவர் நாலா பக்கமும் பார்த்தார். குழாயைத் திறக்கச் சொல்லித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஓரமா ஒரு வேப்பங்கன்னு வைம்மா. வர்றவங்க வெயில்ல நிப்பாங்க இல்ல."

"வைக்கலாங்க. ஆனா அது நிழல் குடுக்க நாலஞ்சு வருஷம் ஆகுமே," என்றேன்.

"ஆவட்டுமே," என்றார். "இப்ப இன்னா அவசரம்?"