ஏழாம் பாகத்துக்கு நான் கடைசி ஆள்

வாடகை நூலகத்தில் வேலை என்றதும், "புதுப் புத்தகமெல்லாம் முதலில் உங்களுக்குத்தான்" என்று சொல்லாதவர் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்: வரிசையில் ஒரு பெயர் மிச்சம் இருந்தாலும் புத்தகத்தை நாம் தொடக்கூடாது. குன்னூரில் எங்கள் நூலகத்துக்கு யாழி என்ற பெண்ணின் மாயக்கதைத் தொடரில் ஏழாவது, கடைசிப் பாகம் ஒரே ஒரு பிரதி வந்தபோது வரிசையில் இருபத்திரண்டு பேர். ஆறாம் பாக முடிவில் யாழியின் சிறகுள்ள ஓநாய் அம்பு பட்டுக் கிடந்தது. அது பிழைக்குமா என்று இரண்டு வருடமாகத் தவித்தவள் நான். அந்த இருபத்திரண்டு பேர் மீதும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

முதல் ஆள்

முதல் பெயர் அருவங்காட்டு வெடிமருந்து பாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவரின் மகளுடையது. வாங்கிப்போக அப்பாதான் வருவார். "ஓநாய்க்கு ரெக்கையாம், என்னத்தப் படிக்குதுகளோ" என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

நான்காம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. பரீட்சை நேரத்தில் மகள் இவ்வளவு வேகமாக முடித்துவிட்டாளா என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அவ இன்னும் தொடவே இல்லீங்க. நாந்தான் லீவு போட்டு முடிச்சுப்போட்டேன். அவ பேரை மறுக்கா எழுதிக்குங்க."

ஆக, எனக்கு முன்னால் இன்னொரு ஆள்.

எட்டுப் பேர்

அரவேணுப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி. ஐந்து நாள்தான் கெடு என்றேன். முகம் வாடிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, அவள்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். ஆறு பாகமும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஒரு பெயரை எழுதிவிட்டு ஒரு கூட்டமே எனக்கு முன்னால் படிக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் சட்டம்தான் என்றேன். அவள் விடவில்லை: "எட்டுப் பேரு அழுது முடிக்கணுங்கக்கா, அஞ்சு நாள் எப்படிப் பத்தும்?"

பத்து நாள் கொடுத்தேன்.

தலைகீழாக

திரும்பி வரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. கிழிசல், டீக்கறை, இந்த ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொண்ட தாள் எல்லாம் பார்க்க வேண்டும். ஏழாம் பாகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு வரி கண்ணில் பட்டாலும் போச்சு. அதனால் தலைகீழாகப் பிடித்து, கடைசிப் பக்கங்கள் வந்ததும் கண்ணை இறுக மூடி விரலால் தள்ளிவிடுவேன்.

எதிரே நின்ற பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏனுங்கம்மா, வைத்தியம் பாக்காம உட்றாதீங்க. கோயமுத்தூர்ல நல்ல கண்ணாஸ்பத்திரி இருக்குதுங்க."

என் முறை

எல்லாப் பெயரையும் அடித்த அன்று புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமைக்கவில்லை. யாழி ஓநாயைத் தூக்கிப் போய் ஓர் ஊற்றங்கரையில் கிடத்திக் காத்திருக்கிறாள். அதோடு பின்னட்டை வந்துவிட்டது. பொருளடக்கத்தைப் பார்த்தால் நாற்பதாவதாக இன்னொரு அத்தியாயம், "ஓநாய்" என்று. அந்த ஒற்றைத் தாளை யாரோ பிளேடு வைத்து நறுக்கியிருக்கிறார்கள். எந்தக் கையோ, எத்தனை பேருக்கு முன்னாலோ, கண்ணை மூடி வாங்கி வைத்த எனக்கு எப்படித் தெரியும்? அழுகையாக வந்தது.

வெளியே சொன்னால் என் வேலைக்கே ஆபத்து. மறுநாள் வந்த டீச்சரம்மா வரிசையில் இரண்டாவதாகப் படித்தவர். "அந்தக் கடைசி ஒரு பக்கம் இருக்குதே!" என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்கு நேரமே கிடைக்கவில்லை, ஓநாய் என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன், பட்டும் படாமலும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "சொல்லவே மாட்டேனுங்க. இன்னும் அதைப் படிக்காம வச்சிருக்கிற உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க."

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, பொறாமைப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுங்கள்.