தாள் சேர்க்கும் தம்பி

வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கும் கிளை நூலகத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு நுழையும்போதெல்லாம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொள்வேன். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், அடர்ந்த மீசை. ஆட்டிசம் உள்ள சின்னப்பிள்ளை என்றால் ஊரே பாவம் என்று உச்சுக்கொட்டும். அதுவே மீசை வைத்த ஆளாக இருந்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டை விட்டால் அவன் விரும்பிப் போகிற இடம் அது ஒன்றுதான். துணிக்கடை, கல்யாண வீடு, கோயில் எல்லாம் சத்தம் தாங்காமல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இதுவும் போய்விட்டால் அவனுக்கு நான்கு சுவர்தான் என்பது என் பயம்.

வில்லங்கம் செய்தித்தாளில் இருந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு பேப்பரை ஒருவரே முழுதாகப் படிப்பது வழக்கமில்லை. காலையில் மேசைக்கு வந்ததுமே அது தாள் தாளாகப் பிரிந்துவிடும். விளையாட்டு ஒருவர் கையில், ராசிபலன் இன்னொருவர் கையில், நடுத்தாள் எங்கே என்று தேட வேண்டும். தம்பிக்கு அது ஆகவே ஆகாது. மேசையைச் சுற்றி வந்து, படிக்கிறவர்கள் கையிலிருந்தே தாள்களை உருவி, பக்க எண் பார்த்து அடுக்குவான்.

ஒரு நாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் தாளை விடவில்லை. இவனும் விடவில்லை. தாள் கிழிந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். சுற்றியிருந்தவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"ஏம்மா, ஆளைச் சமாளிக்க முடியலன்னா வீட்ல வச்சிக்கிட வேண்டியதுதானே," என்றார் அண்ணாச்சி.

"அப்போ நீங்களும் ஒரு பேப்பர் வாங்கி வீட்ல வச்சுப் படிங்க அண்ணாச்சி," என்றேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

நூலகர் சின்ன வயதுப் பெண். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா இவர உள்ள விடக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க அக்கா. வெள்ளிக்கிழமை லீவு. புதுப் புத்தகத்துக்கு நம்பர் போட நான் மட்டும் வருவேன். அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க. தாளைப் பிரிக்க யாரும் இருக்க மாட்டாங்க."

எனக்கு நன்றியில் கண் நிறைந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சத்தமில்லை. மேசைமேல் பேப்பர்கள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. தம்பி அவற்றைத் தொடவே இல்லை. காலி நாற்காலிகளின் முதுகைத் தொட்டுக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தான். அண்ணாச்சி உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"அண்ணாச்சி எங்க?"

அவன் வாய் திறப்பதே அபூர்வம். "அண்ணாச்சி எங்க? அண்ணாச்சி எங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு நெற்றியில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். நூலகர் வெலவெலத்துப் போனார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவனுக்கு ஆள்கள் வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் எப்படித்தான் முடிவு செய்தோமோ தெரியவில்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஊர் இல்லாத நேரம் பார்த்து வந்துபோவதற்கு அவன் என்ன திருடனா?

ஒரு வாரம் வீட்டில் பழைய பேப்பரை வைத்து, உருவாமல் கை நீட்டிக் கேட்க அவனைப் பழக்கி, நூலகரிடமும் சொல்லிவைத்துவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே கூட்டிப்போனேன். நூலகர் மேசையருகே வந்து, "இவருக்குத் தாள் கலைஞ்சு கிடந்தா தாங்காது. கை நீட்டிக் கேட்பாரு. படிச்சு முடிச்சிட்டுக் குடுங்க. போன வாரம் லீவன்னைக்கு வந்து அண்ணாச்சியத்தான் தேடினாரு," என்றார். சிலர் கையிலிருந்த தாளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பழக்கியபடி தம்பி அண்ணாச்சி முன்னால் போய்க் கையை நீட்டினான். அவர் நிமிரவில்லை. தம்பியின் இன்னொரு கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. அடுத்தது கத்தல்தான். ஓடத் தயாராக நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"பொறுலே. கொஞ்சந்தான் பாக்கி. முடிச்சிட்டுத் தாரேன்," என்றார் அண்ணாச்சி தாளைப் பார்த்தபடியே.

மாட்டிய பையை இறக்கி வைத்தேன். வெளியாள்கள் அவனைப் பற்றி என்னிடம்தான் பேசுவார்கள். அவனிடம் பேச மாட்டார்கள். 'லே' என்று உரிமையோடு அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை.

தம்பி நின்றான். தொடையில் தட்டல் நிற்கவில்லை, ஆனால் கால் நகரவில்லை. அண்ணாச்சி டெண்டர் விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தார் என்று நினைக்கிறேன். ஒருவழியாகத் தாளைக் கொடுத்தார். தம்பி மற்றவர்களிடமும் வாங்கி அடுக்கி, மடிப்பை நீவினான்.

"அந்த விளையாட்டுப் பக்கத்த உருவிக் குடு," என்று அண்ணாச்சி இப்போது அவனிடம் கை நீட்டினார்.

மறுபடியும் என் கை பைக்குப் போனது. தம்பி அந்தக் கையைப் பார்த்தான், பேப்பரைப் பார்த்தான். பிறகு அடுக்குக் கலையாமல் முழுப் பேப்பரையும் அவர் கையில் வைத்தான். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். தம்பி ஒரு நாற்காலியை இழுத்து, அவர் தோளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.