என் ஓரகத்தியின் எச்சில்

லோகப்பிரியாவை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவள் என் கொழுந்தன் மிதுனின் மனைவி. அவிநாசியில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, சிரித்தால் கன்னத்தில் குழி. அலுப்பாக இருந்தால் அலுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். எனக்கு அது வராது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே, "இருக்கட்டுங்க அத்தை, நானே செஞ்சுபோடறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

பாத்திரம் கழுவினால் கை அரிக்கிறது என்று ஒரு நாள் முகத்தைச் சுளித்தாள். தப்பிக்கவா பார்க்கிறாய் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே, என்னிடமிருந்த அரிப்புக் களிம்பை எடுத்துக் கொடுத்தேன். "இதைப் பூசிக்க கண்ணு, சரியாப் போயிரும்." காலையும் மாலையும் பூசிக்கொண்டாள், பாத்திரமும் கழுவினாள்.

பிறகு எந்நேரமும் களைப்பு என்று ஆரம்பித்தாள். மிதுன் பதறிப்போய் ஆன்லைனில் எச்சில் பரிசோதனைப் பெட்டி வரவழைத்தான். பஞ்சை மென்று குழாயில் போட்டு அனுப்பினால், உடம்பில் மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று போனுக்கே வந்துவிடுமாம். வந்தது, சிவப்பு எழுத்தில், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு.

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடக் கண்ணு, ஒடம்புக்குள்ள இத்தனை வெச்சுக்கிட்டா வேலை செஞ்சே? கொடுமுடிக்குப் போயி அம்மா ஊட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வா."

ஒரு மாதம்! மதுக்கரையில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்க எனக்குக் கிடைப்பது பொங்கல் முடிந்து ஒரே ஒரு ராத்திரி. போன தடவை கால் வீங்கிக் கிடந்தவர், இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்துக் கேட்டும் இருக்க முடியவில்லை. இவள் பெட்டியில் சேலை அடுக்க அடுக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு மிதுனிடம் கேட்டு நானும் ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கிப் பஞ்சை மென்றேன். பச்சை எழுத்து வந்தது. இயல்பாம்!

"உனக்கென்ன அம்மணி, நீ இரும்பாட்ட இருக்கறே," என்றார் மாமியார், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. குளியலறையில் போய் அழுதேன்.

ஊருக்குப் போகும் முன் கோவையில் ஹார்மோன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றார்கள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "சில அரிப்புக் களிம்புல இதே மாதிரி ஹார்மோன் இருக்கும். விரல்ல இருந்து பஞ்சுல பட்டாலே அளவு பொய்யா எகிறிடும். அப்படி ஏதாவது பூசறீங்களா?"

லோகப்பிரியா யோசித்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பூசறாளுங்க! காலைலயும் சாயந்திரமும் பூசறாளுங்க!"

"அப்ப இந்த அளவை நம்ப முடியாது. களிம்பை நிறுத்திட்டு மறுபடி பார்க்கலாம். எச்சில் பரிசோதனை வீண் இல்லைங்க, முறையா எடுத்தா சில நோயைக் கண்டுபிடிக்க உதவும். ஆனா களைப்பை அளக்க அது ஆகாது. இயல்புன்னு வந்துட்டா களைப்பே இல்லைன்னும் அர்த்தமில்லை."

முதல் வாக்கியத்துக்கு மேல் எனக்கு எதுவும் மனசில் ஏறவில்லை. அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒப்பித்தேன்.

மாமியார் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை, நல்லதாப் போச்சு. துணிப் பெட்டியப் பிரிச்சு வெச்சுப்போடு கண்ணு. இனிமே அலுப்புன்னு சொல்லிக்கிட்டு இந்த ஊட்டுல ஆரும் அம்மா ஊட்டுக்குக் கெளம்ப வேண்டாம்."

டாக்டர் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தை, டாக்டர் இன்னொண்ணும் சொன்னாருங்க..." என்று ஆரம்பித்தேன். மாமியார் அதற்குள் டீவி பக்கம் திரும்பிவிட்டார்.

சாயந்திரம் இரண்டு பேரும் பாத்திரம் கழுவினோம். நான் தேய்த்துக் கொடுக்க, அவள் அலசினாள். அரிக்கும் கையை மறு புறங்கையால் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, அங்க எதுக்குங்க சொன்னீங்க? களிம்பு உங்குளுதுதானுங்களே. நீங்களும் இன்னொரு எச்சில் பெட்டி வாங்கி, அதைக் கையில பூசிக்கிட்டு பஞ்சை மென்னிருந்தா, நான் கொடுமுடிக்கும் நீங்க மதுக்கரைக்கும் போயிருக்கலாமுங்க."