ஜெபவேளைக் காவல்

மாலை ஆறரைக்கு, ஊர் நடுவில் மணியாகத் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரில் அடி விழுந்தால், சவாயீ தீவின் அந்த ஊரில் நாய்கூட ரோட்டில் நடக்க யோசிக்கும். எல்லோரும் வீட்டில் ஜெபத்தில் இருக்க வேண்டும். மறு அடி விழும்வரை கம்போடு ரோட்டில் நிற்பவர் எலேகனா. பதினோரு வருடமாக அதுதான் அவர் வேலை. அதில் அவருக்குத் திமிரும் உண்டு. ஒழுங்கில்லாத ஊரில் ஆண்டவர் கால்வைக்க மாட்டார் என்று அடித்துப் பேசுவார்.

ஒரு வியாழக்கிழமை, மணி அடித்த பிறகு மலாக்கி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். ஊர்க் கோயிலை விட்டுவிட்டு, மைத்துனன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருந்தான்.

"நில்லுடா. மணி கேக்கல?"

"கேட்டுச்சுண்ணே. ஜெபத்துக்குத்தான் போறோம்."

"அதை உன் வீட்ல பண்ணு. ஊர்க் கட்டுப்பாடு."

"எங்க பண்ணணும்னு ஆண்டவரே சொல்லலையே, ஊர் எதுக்குண்ணே சொல்லணும்?"

"இன்னிக்கு உன்னை விட்டா நாளைக்கு ஊரே ரோட்ல நிக்கும்."

மலாக்கி சிரித்தான். "அது சரி, நீங்க எப்பண்ணே ஜெபம் பண்றீங்க?"

பிள்ளைகளும் சிரித்துவிட்டன. எலேகனாவுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை தலைவர்கள் கூட்டத்தில் மலாக்கி குடும்பத்தை ஊரைவிட்டே அனுப்பச் சொல்வதென்று முடிவு கட்டினார். வீடு, சேம்பங்கிழங்குத் தோட்டம், அப்பன் கல்லறை எல்லாம் அவன் கையைவிட்டுப் போய்விடும்.

சனிக்கிழமை காவலின்போது மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்க வீட்டுக்கு ஓடினார். வழக்கம்போல் அவர் வீட்டு ஜெபப்பாட்டுத்தான் ரோடுவரை கேட்டது. உள்ளே போனால், ஜன்னலில் ஒரு தகரக் கிண்ணத்துக்குள் இருந்து போன் பாடிக்கொண்டிருந்தது. மனைவி லூசியாவும் இரண்டு மகள்களும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா இது?"

"நீங்க காவலுக்குப் போன மறு வருஷத்துலேர்ந்து," என்றாள் லூசியா, சீட்டைக் கீழே வைக்காமல். "ரோட்டுக்குச் சத்தம் வந்தாப் போதும்னுதானே நின்னீங்க?"

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. குடையை மறந்து மழையிலேயே திரும்பிப் போய் நின்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சும்மா இருந்துவிட்டால் வீட்டு விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை. மலாக்கி மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தப்புப் பண்ணினது என் வீடு," என்று எல்லாவற்றையும் சொன்னார். கிண்ணத்தைக்கூட விடவில்லை. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "மலாக்கி நிஜமாவே ஜெபத்துக்குப் போனான். அவனை விட்டுடுங்க."

"அப்ப மணியே வேண்டாங்கறியா?" என்றார் பெரிய தலைவர்.

"மணி அடிக்கட்டும்யா. வண்டி நிக்கட்டும், ஊர் அமைதியா இருக்கட்டும். அதுவரைக்கும்தான் நம்ம கை எட்டும். யார் எங்க முட்டி போடறாங்கறது அவங்களுக்கும் ஆண்டவருக்கும்."

தலைவர்கள் வெகுநேரம் முணுமுணுத்துவிட்டு, மலாக்கி இருக்கட்டும் என்றார்கள். எலேகனா கம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை மணி அடித்ததும் வீட்டில் முழங்காலிட்டார். மூவரும் காத்திருந்தார்கள். பதினோரு வருடம் ஊரையே முட்டி போடவைத்தவருக்கு முதல் வார்த்தை வரவில்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் சின்ன மகள்தான், ரோட்டுக்குக் கேட்காத குரலில், ஜெபத்தை ஆரம்பித்துக் கொடுத்தாள்.